டிப்பர்காரரும் நத்தைக்கல்லும்

"எம் மவன் சாவப் போனானா, கல்லு எடுக்கப் போனானா? நீங்கதான் சொல்லணும்."

வந்தவர் உட்காரக்கூட இல்லை. வாசலில் செருப்போடு நின்றபடியே கேட்டார்.

சலேத் மேரி டீச்சர் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தார். மேசை முழுக்கக் கற்கள். எல்லாம் சுருண்டு கிடந்த கற்கள்.

அவர் கல்லூரியில் நிலவியல் சொல்லிக் கொடுப்பவர். வயது நாற்பதைத் தொடவில்லை. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் அவரைக் குரு என்பார்கள். மரியாதையால் அல்ல. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. சந்தேகம் என்று போனால் கையில் ஒரு கல்லைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

வந்தவர் பெயர் கொளஞ்சிநாதன். டீச்சரைவிட நன்றாக மூத்தவர். சுண்ணாம்புச் சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலைக்குத் தன் டிப்பரில் கல் ஏற்றிப் போகிறவர். அவர் மகன் பூவரசன் டீச்சரிடம் படித்தவன். ஐப்பசி மழையில் ஓடை பெருகிய அன்று காணாமல் போனான். பிறகு மேலக்குடிக்காட்டுப் பாலத்தடியில் கிடைத்தான்.

"ஊர்ல என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"பாலத்துலேருந்து குதிச்சிட்டான்னு சொல்றாங்க."

"போலீஸ்?"

"கால் வழுக்கி விழுந்துட்டான்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க."

"வீட்டுல?"

"அவ ஒண்ணும் சொல்லல. சோறு வெக்கிறா. பேசறதில்ல."

"நீங்க என்ன நெனக்கிறீங்க?"

"நெனச்சு நெனச்சுத்தான் இங்க வந்து நிக்கிறேன்."

டீச்சர் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். கொளஞ்சியும் பின்னால் போனார். அங்கே ஒரு சிமென்ட் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. டீச்சர் ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துத் தொட்டியின் ஓர் ஓரத்தில் விட்டார். காற்று கொஞ்சம் அடித்தது. கொட்டாங்கச்சி மெல்ல நகர்ந்து எதிர் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"எங்க விட்டேன்?"

"அங்க."

"எங்க கெடக்குது?"

"இங்க. இதுக்கு என்ன இப்ப?"

"நீங்க நத்தைக்கல்லுன்னு சொல்றீங்களே, அதுக்குப் பேரு அம்மோனைட். நத்தையில்ல அது. கணவாய் மீனுக்குச் சொந்தக்காரன். நம்ம ஊரெல்லாம் கடலா இருந்தப்ப இங்க இருந்துச்சு. பத்துக் கோடி வருஷம் ஆச்சு. ஓட்டுக்குள்ள அறை அறையா இருக்கும். அறையில காத்து இருக்கும். அது செத்துப் போனதும் ஓடு மெதக்கும். மெதந்து எங்கயாவது போயி ஒதுங்கும். அதனால எங்க கெடக்குதோ அதுதான் அது இருந்த எடம்னு நாங்க அடிச்சுச் சொல்ல மாட்டோம்."

கொளஞ்சி கொட்டாங்கச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அவன் பாலத்துல விழல."

"அது எனக்குத் தெரியாது. ஓடை மேக்கேருந்து வருது. அவ்வளவுதான் தெரியும்."

"மேக்க நடந்து போனாத் தெரியுமா?"

"நடந்து போனாத்தான் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் பாலத்தடியில் சந்தித்தார்கள். மழை நின்று, ஓடை வற்றி, மணல் தெரிந்தது. கரையில் முழுக்கச் சாம்பலும் மஞ்சளுமாகக் களிமண் மேடுகள். மழை அறுத்து அறுத்துப் போட்ட மேடுகள். புல்லுக்குக்கூட அங்கே முளைக்க மனமில்லை.

கொளஞ்சி விறுவிறுவென்று நடந்தார்.

"வண்டி ஓட்டுற மாதிரி நடக்காதீங்க," என்றார் டீச்சர்.

"வேற எப்படி நடக்கறது?"

"கண்ணு தூரத்துல இருக்கு உங்களுக்கு. காலடிக்குக் கொண்டு வாங்க."

காலடிக்குக் கொண்டு வந்தார். காலடியில் மண்தான் இருந்தது.

"ஒண்ணும் தெரியல."

"உக்காருங்க."

உட்கார்ந்தார். வெயில் ஏறியது. டீச்சர் கொஞ்சம் தள்ளிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் இந்த மாதிரி குருவிடம் வரக் கூடாது.

வெகு நேரம் கழித்து கொளஞ்சி, "டீச்சரம்மா," என்றார். அவர் குரல் மாறியிருந்தது.

அவர் முட்டிக்குப் பக்கத்தில், மண்ணோடு மண்ணாக, நாலணா அகலத்தில் ஒரு சுருள். அதன் மேல் வரிவரியாக மேடும் பள்ளமும். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று உடைந்து கிடந்தது. அப்புறம் இன்னொன்று. அவர் உட்கார்ந்திருந்த இடமே அவற்றின் மேல்தான்.

"இத்தனையும் இப்பத்தான் வந்துச்சா?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே வந்திருச்சு."

கொளஞ்சி ஒன்றைக் கையில் எடுத்தார். வாழ்நாள் முழுக்க இந்தக் கல்லைத்தான் ஏற்றி இறக்கியிருக்கிறார். ஒரு தடவைகூட இதைப் பார்த்ததில்லை. மகன் காட்ட வந்தபோதும் பார்க்கவில்லை.

"இதுக்குத்தான் கெடந்து அலைஞ்சானா?" என்றார். கேட்கும்போதே அவருக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. கல்லைத் தூக்கி எறியக் கையை ஓங்கினார். எறியவில்லை.

டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"அவன் சேத்து வெச்சிருந்த கல்லெல்லாம் வீட்டுலதான் இருக்கா?"

கொளஞ்சி கல்லைக் கீழே வைத்தார். எழுந்து நடந்தார். ஒரு வளைவு தாண்டினார்கள். இன்னொரு வளைவு தாண்டினார்கள்.

"இல்ல," என்றார் கடைசியில். "அரைச்சாச்சு."

"என்னது?"

"கிரஷர்ல போட்டு அரைச்சாச்சு. நான்தான்."

டீச்சர் நின்றார்.

"ஆலையில ஒரு வேலைக்குச் சொல்லி வெச்சிருந்தேங்க. ஆள் ஆளாக் கெஞ்சி வாங்குன வேலை. சேர வேண்டிய அன்னிக்குக் காலையில, போவ மாட்டேன்னுட்டான். மேல படிக்கப் போறேன், கல்லைப் பத்திப் படிக்கப் போறேன்னான். எனக்கு வந்துச்சே ஆத்திரம். அவன் குளிக்கப் போயிருந்தான். வீட்டுல கெடந்த மூட்டையெல்லாம் தூக்கி வண்டியில போட்டேன். லோடோட லோடா கொண்டு போயிக் கொட்டிட்டேன். அது அரைபடுற சத்தத்த நின்னு கேட்டுட்டுதான் வந்தேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணுமே சொல்லல. அதான் டீச்சரம்மா. என்னைய நாலு வார்த்தை கேட்டிருந்தா, இன்னிக்கு நான் இப்படி நாயா அலைய மாட்டேன். சாயங்காலம் எங்கயோ போயிட்டு வந்தான். படுத்துக்கிட்டான். விடிகாலம் எந்திரிச்சுப் போயிட்டான். மத்தியானம் மழை புடிச்சுக்கிச்சு."

இந்த இடத்தில் டீச்சர் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். டீச்சர் முகம் வெளுத்து நின்றார். பிறகு திரும்பி நடக்க ஆரம்பித்தார். குருமார்கள் வாயைத் திறக்காதபோது அது ஞானமா, சொல்ல வார்த்தை இல்லாததா என்று நமக்குத் தெரிவதில்லை.

மார்கழி போயிற்று. ஞாயிறுதோறும் நடந்தார்கள். போன வாரம் விட்ட இடத்தில் தொடங்கி, ஓடையின் இரண்டு கரையையும் பார்த்துக்கொண்டு, மேற்கே கொஞ்சம் கொஞ்சமாக. என்ன தேடுகிறோம் என்று கொளஞ்சிக்கே தெரியவில்லை. ஒரு செருப்பு, ஒரு சுத்தியல், ஏதாவது. கிடைத்ததெல்லாம் நத்தைக்கல்தான். இப்போது அவர் கண்ணுக்கு அது தானாகவே தப்பாமல் பட்டது. அது அவருக்குச் சந்தோஷமாக இல்லை. ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் கிரஷர் சத்தம் காதில் கேட்டது.

தை மாதம் ஒரு நாள் ஆடு மேய்க்கும் சின்னப்பொண்ணு கரையில் நின்று கூப்பிட்டாள்.

"என்னா பெரியவரே, இன்னிக்கு நீங்களும் வந்திருக்கீங்க?"

"நானும்னா?"

"டீச்சரம்மா மட்டும் வாரத்துல பாதி நாளு ஒண்டியா வருமே. அந்தப் புள்ள செத்ததுலேருந்து இந்த ஓடையிலயேதான் கெடக்குது. பேய் கீய் புடிச்சிருச்சோன்னு நானே பயந்துட்டேன்."

ஆடுகளை ஓட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

கொளஞ்சி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் குனிந்து மண்ணைப் பார்த்தார். அங்கே பார்க்க எதுவும் இல்லை.

"நீங்க எதைத் தேடுறீங்க டீச்சரம்மா?"

"நீங்க தேடுறதைத்தான்."

"நான் பெத்தவன். என் பாவத்துக்கு நான் தேடுறேன். உங்களுக்கு என்ன வந்துச்சு?"

டீச்சர் ஒரு மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்தார். முதல் தடவையாக நேராகப் பதில் சொன்னார்.

"அன்னிக்குச் சாயங்காலம் எங்கயோ போனான்னீங்களே. எங்கிட்டதான் வந்தான். 'என் கல்லெல்லாம் போச்சு மேம்'னான். யாரு செஞ்சாங்கன்னு சொல்லல. நான் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தேன். 'எது எந்த எடத்துல, எந்த அடுக்குல எடுத்ததுன்னு குறிச்சு வெச்சிருந்தியா'ன்னு கேட்டேன். இல்லன்னான். அவன் எப்பவும் குறிக்க மாட்டான். கல்லைப் பாத்தா அள்ளிக்கிட்டு ஓடியாந்துருவான். நான் எத்தனையோ தடவை வைஞ்சிருக்கேன். எங்க தொழில்ல எடம் குறிக்கலன்னா அந்தக் கல்லு எதுக்கும் ஆவாது."

"சரி."

"அதையே சொன்னேன். 'எடம் குறிக்காத கல்லு ரோட்டுல கெடக்குற கல்லுதான். போனாப் போவுது போ'ன்னுட்டேன். நிமிந்துகூட அவன் மூஞ்சியைப் பாக்கல."

காற்று அடித்தது. தூரத்தில் சின்னப்பொண்ணு ஆட்டைத் திட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப உங்களுக்கும் தெரியாது," என்றார் கொளஞ்சி.

"தெரியாது."

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுல்ல நான் பின்னாடியே வந்தேன். பெரிய இவங்கன்னு நெனச்சுக்கிட்டு."

"நான் எதுவும் தெரியும்னு சொல்லலீங்களே."

"பின்ன எதுக்கு என்னையக் கூட்டிக்கிட்டு அலையுறீங்க?"

"ஒத்தையா நடக்க முடியல," என்றார் டீச்சர்.

கொளஞ்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு வந்தார். ஏன் வரவில்லை என்று டீச்சர் கேட்கவில்லை. ஏன் வந்தேன் என்று அவரும் சொல்லவில்லை. தூக்குவாளியில் இருவருக்கும் பழைய சோறு கொண்டு வந்திருந்தார். வேலி மரத்து நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு நடந்தார்கள்.

மாசி பிறந்திருந்தது. ஓடை மேற்கே போகப் போகக் குறுகிக்கொண்டே வந்தது. ஒரு பக்கம் பழைய சுரங்கப் பாதையை ஒட்டிச் சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தது. டீச்சர் அந்தப் பக்கமெல்லாம் வந்ததில்லை. முள்ளுக்குப் பயந்து யாரும் வருவதில்லை.

கரை ஓரிடத்தில், வெள்ளம் எட்டாத உயரத்தில், உள்வாங்கி ஒரு மறைவு மாதிரி இருந்தது. அதில் காய்ந்த முள் குவிந்து கிடந்தது. முள்ளின் மேல் பறந்துவிடாமல் கல் வைத்திருந்தது.

டீச்சர் முள்ளைக் கழியால் தள்ளினார். அடியில் மண் மேடாக இருந்தது. அவர் மண்டியிட்டு அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். அப்படியே இருந்தார்.

"என்னம்மா?"

"இது தானா சரிஞ்ச மண்ணு இல்ல. கையால தட்டி வெச்ச மண்ணு."

"யாரையாவது பொதைச்சிருக்கா?" கொளஞ்சி இரண்டடி பின்வாங்கினார்.

"இல்ல இல்ல. பயப்படாதீங்க. எங்க ஆளுங்க செய்யிற வேலை இது. பெரிய கல்லு ஒண்ணு ஆப்புடும். ஒரு நாளுல தோண்டி எடுக்க முடியாது, தூக்கவும் முடியாது. பாதியில அப்படியே விட்டுட்டுப் போனா மழை அடிச்சு உதுந்துரும். ஆடு மிதிச்சிரும். அதனால மேல எதையாவது போத்தி, மண்ணைப் போட்டு, முள்ள வெட்டி மேல வெச்சுட்டுப் போவோம்."

"எதுக்கு?"

"திரும்பி வந்து எடுக்கறதுக்கு."



"இது யாரு மூடினது?"

"தெரியலீங்க. கல்லு எடுக்குறவங்க நெறயப் பேரு. அடுத்தவங்க மூடினதை நாங்க தொறக்க மாட்டோம். அது எங்களுக்குள்ள ஒரு கட்டுப்பாடு."

அப்படிச் சொல்லிவிட்டு, டீச்சர் மண்ணைக் கையால் விலக்க ஆரம்பித்தார். கொளஞ்சியும் எதிரில் உட்கார்ந்து விலக்கினார். 

முதலில் தெரிந்தது ஒரு சாக்கு. யூரியா சாக்கு. கொளஞ்சி அதை இழுத்து உதறினார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா."

கொளஞ்சி சாக்கின் வாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஐயா, என்னங்க?"

"சாக்குக் கழுத்துல போட்ட கட்டு அப்படியே இருக்கு பாருங்க. அடி கிழிஞ்சிருக்கு."

"ஆமா."

"கிரஷர் வாயில நின்னப்ப இந்தக் கட்டை அவுக்க எனக்குப் பொறுமை இல்ல. அடியில கத்தியப் போட்டுக் கிழிச்சுக் கொட்டினேன். வெறும் சாக்கக் கொண்டாந்து அவன் முன்னாடி வீசினேன். 'இந்தா, இத வெச்சுக்க'ன்னேன்."

டீச்சர் சாக்கைத் தொட்டுப் பார்த்தார். அப்படியென்றால் இதை மூடியது பூவரசன்தான், அதுவும் கற்கள் அரைபட்ட பிறகுதான். அவனுக்கு இருந்தது அந்தச் சாயங்காலமும் மறுநாளும்தான். அந்தச் சாயங்காலம் அவன் எங்கே நின்றான் என்பது டீச்சருக்குத் தெரியும்.

"மறுநாளு இங்கதான் இருந்திருக்கான்," என்றார்.

மிச்ச மண்ணையும் விலக்கினார்கள். உள்ளே இருந்தது ஒரே கல். டிப்பர் டயர் அகலத்துக்கு ஒரு சுருள். மேல்பக்கம் முழுக்கச் சுத்தம் செய்திருந்தது. வெளிவிளிம்பிலிருந்து உள்ளே உள்ளே சுற்றிப் போய் நடுவில் ஒரு புள்ளியில் முடிந்தது. சுற்றிலும் உளி போட்ட தடம் இருந்தது. கீழ்ப்பாதி இன்னும் களிமண்ணுக்குள் இருந்தது. டீச்சர் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இவ்வளவு பெரியதைத் தன் கையால் தொட்டதில்லை.

அவர் கல்லைச் சுற்றி வந்து எதையோ தேடினார். ஓரமெல்லாம் ஊதிப் பார்த்தார். சாக்கின் உள்பக்கம் பார்த்தார்.

"என்ன பாக்குறீங்க?"

"எடம் குறிச்சிருக்கானான்னு பாத்தேன்." டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. "இப்பவும் குறிக்கல பாருங்க, கழுதை."

இருவரும் கல்லுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். சாகப் போகிறவன் முள் வெட்டி மூட மாட்டான். அதை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. கொளஞ்சி தலையில் கை வைத்து அழுதார். இத்தனை நாள் தேடியது கிடைத்துவிட்டது. கிடைத்தால் நெஞ்சு பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தார். இறங்கவில்லை. திரும்பி வரத்தான் இருந்தான் என்று தெரிந்த பிறகு இன்னும் வலித்தது.

"முன்னாடியே தோண்ட ஆரம்பிச்சிருக்கணும். அன்னிக்கு மழை கொட்டவும் மூடிட்டு வீட்டுக்குக் கெளம்பியிருக்கான்," என்றார் டீச்சர். "கீழ ஓடையத் தாண்டுற எடத்துலதான் வெள்ளம் இழுத்திருக்கணும்."

கொளஞ்சி தலையாட்டினார்.

"எப்படித் தூக்கலாம்னு இருந்தானோ தெரியல," என்றார் டீச்சர் கல்லைத் தட்டியபடி. "கீழ்ப்பாதியும் சேந்தா ஆறு பேரு வந்தாலும் அசையாது. எங்கிட்டயும் சொல்லல. கூடப் படிச்ச பசங்க யாருகிட்டயும் சொல்லல."

கொளஞ்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கரைக்கு மேலே பார்த்தார். பார்த்தபடியே எழுந்தார்.

மேலே கருவேலங்காட்டில் ஒரு சந்து விட்டிருந்தது. சுரங்கப் பாதையிலிருந்து கரை விளிம்பு வரைக்கும் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். வெட்டிய கட்டைகளில் அதற்குள் புதுத் துளிர் வந்திருந்தது.

"ஆட்டுக்குத் தழை வெட்டினதா இருக்கும்," என்றார் டீச்சர்.

கொளஞ்சி கரை ஏறினார். சந்தின் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நடந்தார். நீளவாக்கில் நடந்தார். விளிம்புக்குப் பக்கத்தில் சந்து ஒரு புறமாக அகன்றிருந்தது. அங்கே போய் நின்று, முதுகைக் கரைக்குக் காட்டிக்கொண்டு, ஏதோ ஸ்டியரிங் பிடித்த மாதிரி கையை வைத்துத் திருப்பினார். டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. துக்கத்தில் மனிதர் கலங்கிவிட்டாரோ என்று பயந்து அவரும் ஏறி வந்தார்.

"என்னங்கய்யா பண்றீங்க?"

"இது தழைக்கு வெட்டுனது இல்ல."

"பின்ன?"

"வண்டிக்கு வெட்டுனது. கீழ கல்லு மேல கெடந்ததும் இந்த முள்ளுதான். டிராக்டருக்கு இவ்வளவு வேணாம். மாட்டு வண்டிக்கு வேணவே வேணாம். டிப்பர் ரிவர்ஸ்ல வர்ற அளவு இது. இந்தா, இங்க ஒடிச்சுத் திருப்பணும். அதுக்குத்தான் இந்தப் பக்கம் அகலமா வெட்டியிருக்கான்."

"அளவு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"சின்னப் புள்ளையில லீவு நாளெல்லாம் எங்கூடத்தான் வண்டியில கெடப்பான். நான் ரிவர்ஸ் எடுக்குறப்ப பின்னாடி நின்னு 'வரலாம் வரலாம்'னு கத்துவான். யாரு சொன்னாலும் நான் கண்ணாடியப் பாப்பேன். அவன் சொன்னா பாக்க மாட்டேன்." அவர் விளிம்பின் ஓரமாகக் கையைக் காட்டினார். அங்கே முள் கொஞ்சம் கூடுதலாக, ஒரு ஆள் அகலத்துக்கு ஒதுங்கியிருந்தது. "அவன் நிக்கிறதுக்கும் எடம் வெட்டியிருக்கான்."

டீச்சர் அந்த இடத்தைப் பார்த்தார்.

"டிப்பர் வேற யாருகிட்டயாவது..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"நான்தாம்மா. வேற யாரையும் அவனுக்குத் தெரியாது. என் வண்டிக்குத்தான் வெட்டியிருக்கான்." கொளஞ்சி கருவேலங்கட்டையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். "அன்னிக்கு வீடு வந்து சேந்திருந்தா எங்கிட்ட வந்து கேட்டிருப்பான். அவன் கல்லையெல்லாம் அரைச்சுப்புட்டு வந்த எங்கிட்ட, அடுத்த நாளே, 'இதை ஏத்திக் குடுப்பா'ன்னு கேட்டிருப்பான்."

கட்டையில் முளைத்திருந்த துளிரைத் தடவினார்.

"கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியலம்மா. சத்தியமாத் தெரியல. வைஞ்சுதான் அனுப்பியிருப்பேன்."

டீச்சர் கையிலிருந்த சாக்கை மடித்தார். கரையின் கீழே வெயிலில் கிடந்த கல்லைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"அவன் இப்பத்தாங்க கேட்டிருக்கான்."